வாயில்லா ஜீவனுக்கு விடை கொடுக்கும் வேளை

மனிதன் தன் இல்லத்தில் வளர்க்கும் பிராணிகளுள் முயலைப் போல ஓசையின்றி வாழ்வது பிறிதொன்றில்லை எனலாம். நாய் குரைத்துத் தன் பசியைத் தெரிவிக்கும். பூனை காலைச் சுற்றிவந்து கத்தும். ஆடும் கோழியும் தம் குறையைக் குரலெழுப்பிச் சொல்லிவிடும். முயலோ பசித்தாலும் நோவுற்றாலும் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். அவ்வாறு பத்தாண்டுகள் நம்முடன் ஓசையின்றி வாழ்ந்த ஒரு ஜீவன் முதுமையெய்தி, நோயுற்று, உணவை மறுத்துக் கிடக்கும்போது, அதன் வாழ்வை இன்னும் நீட்டுவதா, அன்றி வைத்தியரைக் கொண்டு நோவின்றி முடித்து வைப்பதா என்னும் கேள்வி அதனை வளர்த்தவர் முன் வந்து நிற்கின்றது. பிராணி சிறியதாயினும் கேள்வி சிறியதன்று. இக்கிழமை அதனைப் பற்றியே வாசக நேயர்களுடன் சிந்திக்க விரும்புகின்றோம்.

உயர்தர வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் இக்கேள்வியை எம்மிடம் கொண்டுவந்தான். அவன் இரண்டாம் வகுப்பில் படித்த காலத்தில் வீட்டிற்கு வந்த முயல் அது. இப்பொழுது அதன் பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. இருந்த இடத்திலேயே சிறுநீர் கழிந்து, வயிற்றுப்புற மயிர் நனைந்து தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. உணவும் குறைந்துவிட்டது. “வைத்தியரிடம் கொண்டுபோய் அதன் துன்பத்தை முடித்துவிடுவோம்” என்றார் தந்தையார். “உயிரைக் கொடுத்தவனே எடுக்கட்டும், அந்தப் பாவத்தை நாங்கள் ஏன் சுமக்கவேணும்?” என்றார் அம்மம்மா. தாயார் ஒன்றும் சொல்லாது முயலின் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். “ஐயா, இவர்களில் யார் சொல்வது சரி?” என்று கேட்டான் அம்மாணவன்.

இத்தகைய கேள்விக்கு ஒரு சொல்லில் விடையளித்தல் தகாது. முயலின் உடலியல்பை அறியாதவர் அதன் வேதனையை அளக்க முடியாது. வேதனையை அளக்க முடியாதவர் அதன் பொருட்டுத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. ஆகவே அறிய வேண்டியவற்றை முதலில் அறிந்துகொள்வோம்.

வீட்டில் நன்கு பேணப்படும் முயல் பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை உயிர்வாழும். அரிதாகச் சில இதனையும் கடந்து வாழ்வதுண்டு. தாஸ்மேனியாவில் 1964 ஆம் ஆண்டு பிடிக்கப்பட்ட முயலொன்று ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்ததாகப் பதிவுண்டு. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் 1774 இல், மனச்சோர்வினால் வருந்திய காலத்தில், மூன்று காட்டு முயற்குட்டிகளை வளர்க்கத் தொடங்கினார். அவற்றுள் ஒன்று 1786 மார்ச் மாதத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் நிறைய ஒரு மாதமே இருக்கையில், முதுமையினால் மட்டும், நோவு இருந்ததற்கான அடையாளம் ஏதுமின்றி இறந்ததென அவர் குறித்து வைத்தார். வளர்த்தோர் அனைவரும் விரும்பும் மரணம் இதுவே. விளக்கில் எண்ணெய் வற்றி அணைவது போன்ற அத்தகைய முடிவு கிட்டுமாயின் நாம் தீர்மானிக்க வேண்டியது எதுவுமில்லை. ஆயின் எல்லா உயிர்க்கும் அப்பேறு வாய்ப்பதில்லை.

முயலுக்கு முதுமையில் வரும் துன்பங்கள் பல. அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. முன்பற்கள் கிழமைக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் வரை வளரும். புல்லை இடையறாது மென்று தேய்த்தாலன்றி அவை கோணலாக நீண்டு நாவையும் கன்னத்தையும் கிழித்துவிடும். முதுகெலும்பு இறுகிப் பின்னங்கால்கள் வலுவிழக்கும். கண்ணிற் புரை படரும். கருப்பை அகற்றப்படாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் பெருவாரியாக வருகின்றது. உடலை வளைத்துத் தன்னைத் தானே துப்புரவு செய்ய இயலாத முயலின் பின்புறத்தில் அழுக்குச் சேர்ந்து, ஈ மொய்த்து முட்டையிட்டு, ஒருநாட் பொழுதிற்குள் புழுப் பிடித்துவிடுவதும் உண்டு. நம் நாட்டின் வெப்பத்தில் இவ்வபாயம் மிக அதிகம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது குடல். முயலின் குடல் நில்லாது இயங்கும் செக்குப் போன்றது. அது அரைநாள் உணவின்றி இருப்பின் குடலியக்கம் தளர்ந்து, வாயு நிறைந்து, வேதனை மிகும். வேதனையினால் உண்ணாது, உண்ணாமையினால் வேதனை மேலும் வளரும். ஆகவே முயல் ஒருவேளை உணவை மறுத்தாலும், புழுக்கை குறைந்தாலும், நாளைக்குப் பார்ப்போம் என்று இருத்தல் கூடாது. அன்றே வைத்தியரைக் காணவேண்டும்.

வேதனையை மறைப்பது முயலின் பிறவிக் குணம். காட்டிலே நரியும் பருந்தும் நலிந்த முயலையே முதலில் தேர்ந்தெடுக்கும். ஆதலால் நோயுற்ற முயல் நோயற்றது போலவே காட்டிக்கொள்ளும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2012 இல் முயலின் முகத்தை நுணுகி ஆராய்ந்து, வேதனையைக் காட்டும் ஐந்து குறிகளை வகுத்தனர். கண்கள் பாதி மூடியிருத்தல், கன்னங்கள் தட்டையாதல், மூக்குத் துவாரங்களின் வடிவம் மாறுதல், மீசை மயிர்கள் விறைத்து நிற்றல், காதுகள் சுருண்டு பின்புறமாக ஒடுங்குதல் என்பன அவை. இவற்றோடு, முதுகைக் கூனி அசையாதிருத்தலும், பற்களை உரக்க நறநறவென்று கடித்தலும் வேதனையின் அடையாளங்களே. தலையைத் தடவும்போது இன்பத்தினால் மென்மையாகப் பல்லை உரசுவது வேறு. பழகிய காது இரண்டையும் பிரித்தறியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். முதுமை வேறு, மாளும் நோய் வேறு. கோணலான பல்லை வைத்தியர் தேய்த்துச் சீர்செய்யலாம். மூட்டு நோவைத் தணிக்க மருந்துண்டு. நடக்கமாட்டாத முயலுக்கு மெத்தென்ற விரிப்பும், தாழ்ந்த தண்ணீர்க் கிண்ணமும், வாய்க்கு எட்டும் தூரத்தில் அறுகம்புல்லும் வைத்தால் அது இன்னும் பல மாதங்கள் மனநிறைவோடு வாழக்கூடும். பார்வை இழந்த முயல் பழகிய இடத்தில் மோப்பத்தினாலேயே வழி அறியும். ஆகவே “கிழடாகிவிட்டது” என்பது மாத்திரம் ஓர் உயிரை முடிப்பதற்குக் காரணமாகாது. நாம் களைத்துவிட்டோம் என்பதும், பராமரிக்கச் செலவாகின்றது என்பதும் முயலின் நோய்கள் அல்ல. இனி ஆற்ற முடியாத வேதனை எது, ஆற்றக்கூடியது எது என்பதை வைத்தியரே சொல்ல வல்லார். அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் பிரதேசந்தோறும் உள்ளன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தைச் சார்ந்த போதனா வைத்தியசாலையும் உண்டு. மனிதருக்குரிய நோவு மாத்திரையை நாமாகவே முயலுக்குக் கொடுத்தல் ஒருபோதும் ஆகாது.

வைத்தியம் செய்தும் வேதனை நீங்காதபோது என் செய்வது? அமெரிக்க மிருக வைத்தியரான அலிஸ் வில்லலோபோஸ் என்பார் 2004 இல் ஓர் அளவுகோலை வகுத்து வெளியிட்டார். நோவு, பசி, நீர், துப்புரவு, மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்கள் என ஏழு தலைப்புகள். ஒவ்வொன்றிற்கும் பத்துப் புள்ளிகள். மொத்தம் எழுபதில் முப்பத்தைந்துக்கு மேற்படின் அப்பிராணியின் வாழ்வு ஏற்கத்தக்கதென்றும், தொடர்ந்து பேணலாமென்றும் கொள்வர். நாய் பூனைகளைக் கருதி வகுக்கப்பட்டதாயினும் முயலுக்கும் இது வழிகாட்டும். முயலின் இயல்பை நோக்கின் பசிக்கும் துப்புரவுக்கும் அதிக மதிப்பளிப்பது தகும் என்பது எமது கருத்து.

புள்ளியிடுவதைக் கணக்குப் பாடம் போல எண்ணி யாரும் நகைக்க வேண்டாம். அன்பு மிகுந்த கண் தான் காண விரும்புவதையே காணும். இன்று காலை ஓர் இலையைக் கடித்துவிட்டதென்றால் சென்ற ஐந்து நாட்களின் துன்பத்தை நாம் மறந்துவிடுவோம். எழுதிவைத்த குறிப்பு மறவாது. ஆதலின் அம்மாணவனிடம், “தம்பி, வைத்தியர் கொடுக்கும் மருந்தை ஒழுங்காகக் கொடுங்கள். சுவரிலுள்ள கலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு வட்டமும், கெட்ட நாளுக்கு ஒரு புள்ளடியும் இடு. அதைத் தனியே நீ மட்டும் தீர்மானிக்காதே. இரவு வீட்டார் எல்லோரும் ஒருங்கிருந்து தீர்மானியுங்கள்” என்று கூறினோம். நல்ல நாள் எது என்பதையும் முன்னரே முடிவு செய்யச் சொன்னோம். தானாக உண்டதா, வழமைபோல் புழுக்கை இட்டதா, அவனுடைய குரலுக்குக் காதை உயர்த்தியதா என்னும் மூன்றுமே அவர்கள் தெரிந்துகொண்ட அடையாளங்கள்.

உடலைப் பற்றிய கேள்விக்கு இவ்வாறு வழி காணலாம். ஆயினும் அம்மம்மா எழுப்பிய கேள்வி உடலைப் பற்றியதன்று, தருமத்தைப் பற்றியது. நம் நாட்டில் சைவரும் பௌத்தரும் ஒருங்கே அஞ்சும் கேள்வி அது. கொல்லாமையை அறங்களின் உச்சியில் வைத்த மரபில் வந்தவர் நாம். வேதனையை முடிப்பதற்காயினும் உயிரைப் போக்கலாமா?

இக்கேள்வி நூறாண்டுகளுக்கு அண்மித்த காலத்தின் முன், அகிம்சையையே உயிர்மூச்சாகக் கொண்ட ஒருவர் முன் வந்து நின்றது. 1928 ஆம் ஆண்டில் சபர்மதி ஆசிரமத்தில் ஊறுபட்ட கன்று ஒன்று தாங்கொணா வேதனையிற் கிடந்தது. இயன்ற சிகிச்சை யாவும் செய்தும் பயனில்லை என்று வைத்தியர் கைவிட்டார். காந்தியடிகள் ஆசிரமத்தாரைக் கூட்டிக் கலந்தாலோசித்தார். கொடுக்க முடியாத உயிரை எடுக்க நமக்கு உரிமையில்லை என்று அங்கும் ஒருவர் வாதித்தார். யாவற்றையும் கேட்ட பின்னர், காந்தியடிகளின் முன்னிலையிலேயே வைத்தியர் ஒருவர் ஊசி மூலம் நஞ்சேற்றினார். இரண்டு நிமிஷத்துக்குள் கன்றின் துன்பம் முடிந்தது. அதனை அவர் மறைக்கவில்லை. தமது பத்திரிகைகளில் தாமே எழுதி வெளியிட்டார். கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. கோபத்தினாலோ தன்னலத்தினாலோ ஓர் உயிரை வருத்துவதும் போக்குவதுமே இம்சை என்றும், தன்னலம் சிறிதுமின்றி அவ்வுயிரின் நன்மையையே கருதி, அமைதியாக ஆராய்ந்து செய்வது அகிம்சையே ஆகலாம் என்றும் அவர் விடையிறுத்தார்.

காந்தியடிகள் செய்தார் என்பதனால் அனைவரும் செய்யவேண்டுமென்று நாம் கூறவில்லை. அவரை மதித்தவர்களுள்ளும் பலர் அன்று அதனை ஒப்பவில்லை. ஆயின் அவர் காட்டிய உரைகல் நமக்குப் பெரிதும் பயன்படும். இச்செயலினால் எனக்கு ஏதேனும் இலாபம் உண்டா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரவில் நித்திரை கொள்ளலாம், துர்நாற்றம் தொலையும், விடுமுறைக்கு ஊருக்குப் போகலாம் என்னும் எண்ணங்கள் உள்ளத்தின் அடியில் இருக்குமாயின் கையை நிறுத்துக.

இந்த உரைகல்லுக்கு மறுபக்கமும் உண்டு. அதனை நாம் பெரும்பாலும் உரைத்துப் பார்ப்பதில்லை. முடிக்க மறுப்பதிலும் தன்னலம் ஒளிந்திருக்கலாம். “அது இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது” என்பவர் முயலைப் பற்றிப் பேசவில்லை. தம்மைப் பற்றியே பேசுகின்றார். “அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்” என்று ஒதுங்குபவரும் ஒருவகையில் தம்மைக் காப்பதையே கருதுகின்றார். தமது கை சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காக இன்னோர் உயிர் பத்து நாள் துடிக்கவேண்டுமென்றால் அந்தச் சுத்தத்தின் விலையைக் கொடுப்பது யார்? பேசமாட்டாத முயலன்றோ? “அது அதன் கன்மத்தை அனுபவித்துத் தீர்க்கட்டும்” என்று சொல்வாரும் உளர். அவ்வாறாயின் புண்ணுக்கு மருந்திடுவதும் தவறாகும். தாகத்துக்கு நீர் கொடுப்பதும் தவறாகும். அங்கெல்லாம் குறுக்கிடும் நாம், கடைசி வேதனையில் மட்டும் கன்மத்தைக் காவலுக்கு நிறுத்துவது பொருந்துமா என்று சிந்திக்க வேண்டும்.

வீட்டுப் பிராணி காட்டுப் பிராணியன்று. காட்டில் நடக்கமாட்டாத முயலின் துன்பம் நெடுநாள் நீடிப்பதில்லை. பகைவிலங்கு அதனை முடித்துவிடும். கூடும் கூரையும் கொடுத்து அந்த முடிவைத் தள்ளிவைத்தவர் நாமே. அதன் வாழ்வை நீட்டிய கைக்கு அதன் துன்பத்தைப் பற்றிய பொறுப்பும் உண்டு. தீர்மானிக்காமலே இருப்பதும் ஒரு தீர்மானம்தான் என்பதை மறத்தல் ஆகாது.

அம்மாணவனின் வீட்டுக் கலண்டரில் முதற் கிழமை நான்கு வட்டங்கள் இருந்தன. மருந்து வேலை செய்தது. இரண்டாம் கிழமை மூன்று. மூன்றாம் கிழமையில் ஒன்றே ஒன்று. ஊசிக்குழாய் வழியாகக் கரைத்துப் புகட்டிய உணவையும் முயல் விழுங்க மறுத்தது. வைத்தியர் மீண்டும் பார்த்து, இனி நோவைத் தணிப்பதும் அரிது என்றார். வீட்டார் கூடிப் பேசினர். “நான் சம்மதம் சொல்லமாட்டேன், ஆனால் தடுக்கவும் மாட்டேன்” என்றாராம் அம்மம்மா. வைத்தியரிடம் கொண்டுசெல்லுமுன் அவரே அதன் வாயை ஈரத்துணியால் நனைத்துவிட்டார். தம் கொள்கையையும் விடாது, பேரனின் கையையும் விடாது நின்ற அம்மூதாட்டியை நாம் மதிக்கின்றோம். இத்தகைய விடயத்தில் ஒரே வீட்டில் இருவேறு மனச்சான்றுகள் இருத்தல் இயல்பு. ஒன்றை ஒன்று இழிவுபடுத்தாதிருப்பதே வேண்டுவது.

இது எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதை அறியாமையினால் அஞ்சுவோர் பலர். வைத்தியர் முதலில் மயக்கமருந்து கொடுப்பார். சில நிமிஷங்களில் முயல் உணர்விழந்து தளர்ந்துவிடும். அதன் பின்னரே, அளவு மிகுந்த மயக்கமருந்தை ஊசியாற் செலுத்துவார். மூச்சும் இதயமும் நின்றுவிடும். முயல் மனிதரின் அச்சத்தையும் உணரும் பிராணி. ஆதலால் அது பழகிய துணியில் வைத்து, பழகிய கை ஒன்று தலையில் இருத்தல் நலம். இதனை வீட்டில் நாமே செய்ய முயல்வது கொடுமை. அதனினும் கொடுமை, “எங்கேனும் பிழைத்துக்கொள்ளட்டும்” என்று பற்றையிலும் கோயில் வீதியிலும் சந்தையடியிலும் விட்டுவிடுவது. நடக்கமாட்டாத முயலை வெளியில் விடுவதென்பது அதனை நாய்க்குக் கொடுப்பதேயாகும். கையில் பாவம் படவில்லை என்று எண்ணிக்கொள்வோர் இதனை ஒருமுறை நினைத்துப் பார்ப்பாராக.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளைகளிடம் “முயல் ஓடிப்போய்விட்டது” என்று பொய் சொல்லாதீர்கள். அவர்கள் நாட்கணக்காக வேலியோரத்தில் தேடுவார்கள். “தூங்க வைத்துவிட்டோம்” என்றும் சொல்லவேண்டாம். சிறு குழந்தை அன்றிரவு தூங்கவே அஞ்சும். “அதன் நோய் மாறாது, நோவு மிகுந்தது, ஆகையால் வைத்தியர் நோவின்றி இறக்கச் செய்தார்” என்று எளிய சொற்களில் உண்மையைச் சொல்லுங்கள். முன்கூட்டியே அறிவித்து, தடவி விடைபெற விடுங்கள். அழுகின்ற ஆண் பிள்ளையை அதட்டவேண்டாம். வீட்டில் இரண்டு முயல்கள் இருந்தனவாயின், இறந்ததன் உடலை மற்றையது மோந்து பார்க்கச் சிறிது நேரம் வைப்பது நன்று. அவ்வாறு செய்யாவிடில் எஞ்சியது தன் துணையைத் தேடித் தேடி உணவைக் குறைத்துவிடும் என வளர்த்துப் பழகியோர் கூறுவர். உடலை நாய் தோண்டாத ஆழத்தில், கிணற்றுக்குத் தொலைவாகப் புதைத்தல் வேண்டும்.

முடிவு செய்த பின்னரும் மனம் ஆறாது. முந்திவிட்டோமோ என்று சிலரும், பிந்திவிட்டோமோ என்று சிலரும் வருந்துவர். ஒருநாள் முந்தினால் முயல் இழப்பது ஒரு நாளை. ஒரு கிழமை பிந்தினால் அது சுமப்பது ஒரு கிழமை வேதனையை. இந்தக் கணக்கைத் துயரமான வேளையில் போடுவது கடினம். ஆதலால் முயல் நலமாயிருக்கும்போதே, எந்த நிலை வந்தால் என்ன செய்வோம் என்று வீட்டார் கூடிப் பேசி வைத்துக்கொள்க. வயது ஏழைக் கடந்த முயல் உள்ள இல்லங்களில் அப்பேச்சை இன்று மாலையே தொடங்கலாம். பேசி முடித்த பின், அதற்கு ஒரு பிடி அறுகம்புல் பறித்துக் கொடுங்கள்.